தகர டப்பா

காலிங் பெல் அடித்தபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நைட் டியூட்டி முடித்து வந்திருந்தேன், இன்னும் படுக்கவில்லை. முன்னறையில் ஈரத் துணி ஸ்டாண்ட் விரிந்து நின்றது. ரேடியேட்டர் மேல் மகனின் பள்ளிச் சட்டை, தொட்டியில் நேற்றைய பாத்திரம். வாசல் கதவின் மங்கல் கண்ணாடியில் ஒரு குட்டையான உருவம் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா. நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கமாக ஒதுங்கினேன். பெல் இன்னொரு முறை அடித்தது. அப்புறம் காலடிச் சத்தம் மழையோடு போய்விட்டது.

ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தேன். படியில் ஒரு தகர டப்பா. உள்ளே வெல்ஷ் கேக். நம் தோசைக்கல் மாதிரி இரும்புக் கல்லில் சுட்டெடுக்கிற, உலர் திராட்சை போட்ட சின்ன வட்டங்கள். சூடு இன்னும் ஆறவில்லை. மூடியில் ஒரு துண்டுச் சீட்டு: 'தூங்கிக்கொண்டிருப்பாய். எழுந்ததும் சாப்பிடு.'

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வேல்ஸ் நாட்டின் சுவான்சிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒருவரைக்கூட நான் வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை.

தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரத்தில் எங்கள் வீட்டு வாசல் கதவை ராத்திரி படுக்கப் போகும்போதுதான் சாத்துவோம். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அசனம், அதாவது பொது விருந்து, என்றால் ஊரே வரும். வேதக்காரர், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். அண்டா அண்டாவாகப் பொங்குவதால் சாம்பாரில் லேசாக அடிப்பிடித்த வாசனை வரும். அதுதான் அசன ருசி என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். பக்கத்தில் இருப்பது யார், அவர் என்ன கொண்டுவந்தார் என்று யாரும் பார்த்ததில்லை.

அந்த ஊரில் வளர்ந்த நான் ஏன் ஃப்ரிட்ஜ் மறைவில் நின்றேன்?

சண்டே ஸ்கூலில் மனப்பாடம் செய்த ஒரு வசனம் எனக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. மத்தேயு 5:48. 'பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்' என்று முடியும். பிசகாமல் ஒப்புவித்துப் பரிசும் வாங்கினேன். பூரணம் என்றால் குறையே இருக்கக்கூடாது என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில் எழுத்து கோணக்கூடாது, பாட்டில் சுருதி விலகக்கூடாது, கிறிஸ்துமஸுக்குச் சுடும் முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒன்றுகூட உடையக்கூடாது. இங்கே வந்ததும் அது இரட்டிப்பானது. ஊரில் என் வீடு அலங்கோலமாக இருந்தால் அது என்னோடு போகும். இங்கே, நம் ஆட்களே இப்படித்தான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். வந்த புதிதில் ஒருவர் என் கோட்டின் தாளிப்பு வாசனைக்கு மூக்கைச் சுளித்தார். அது மனதில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து கடுகு போடுவதற்கு முன்னால் கோட்டுகளை எல்லாம் மாடி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நமக்கு மனசு வராது. முந்திரிக்கொத்து செய்து நிறைத்துக் கொடுக்கலாம் என்று பயறு வறுத்தேன். முதல் தடவை பாகு முறுகிவிட்டது. இரண்டாம் தடவை எண்ணெயில் பிரிந்தது. மூன்று வாரம் அந்த டப்பா அலமாரியிலேயே இருந்தது. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போகும்போதுகூட அவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று வேகமாகத் திரும்புவேன்.

ஒரு நைட் டியூட்டியில், வார்டு அடங்கிய மூன்று மணி இருக்கும், ஃபோனில் அந்த அதிகாரத்தைத் திறந்தேன். 48ஆம் வசனம் தெரியும். அதற்கு முன்னால் இருப்பதை அன்றுதான் நின்று வாசித்தேன். தீயோர் மேலும் நல்லோர் மேலும் பிதா சூரியனை உதிக்கச் செய்கிறார், நீதிமான்கள் மேலும் அநீதியுள்ளவர்கள் மேலும் மழை பெய்யச் செய்கிறார் என்று வருகிறது. உங்கள் சகோதரரை மட்டும் வாழ்த்தினால் அதில் என்ன விசேஷம் என்று ஒரு கேள்வி வருகிறது. இவ்வளவும் சொன்ன பிறகுதான் 'ஆகையால்' என்று தொடங்கி அந்தப் பூரணம் வருகிறது. அந்த 'ஆகையால்' எதற்காக நிற்கிறது என்று இத்தனை வருஷமும் நான் பார்க்கவே இல்லை. கறை இல்லாத வீட்டைப் பற்றி அங்கே ஒரு சொல் கிடையாது. ஆள் பார்த்துப் பெய்யாத மழையைப் பற்றி இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சுவான்சியின் மழை பெய்துகொண்டிருந்தது.

வாசித்ததோடு எல்லாம் மாறிவிடவில்லை. டப்பா அலமாரியிலேயேதான் இருந்தது. அந்த வாரம் ஒரு நாள் காலையில் சாவியை மறந்துவிட்டேன். என் கணவர் வேலைக்கும் மகன் பள்ளிக்கும் போயாயிற்று. படியில் நனைந்துகொண்டு நின்றவளைப் பக்கத்து வீட்டு அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "பனெட் குடிக்கிறாயா?" என்றார். வேல்ஸ் மொழியில் ஒரு கோப்பை டீ. அவர் வீட்டுத் தொட்டியிலும் பாத்திரம் குவிந்திருந்தது. நாற்காலியில் கிடந்த துணிக் குவியலைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். டீ வந்த கோப்பையின் விளிம்பு உடைந்திருந்தது. சட்டென்று வலித்தது. நம் வீட்டில் வந்தவர்களுக்கு உடைந்த கோப்பையில் கொடுப்போமா? நிமிர்ந்து பார்த்தால், அவர் கையிலிருந்த கோப்பைக்குக் கைப்பிடியே இல்லை. இருப்பதில் நல்லதைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமையே சாப்பிட வரச் சொல்லிவிட்டேன். ரசம் தாளிக்கும்போது ஸ்மோக் அலாரம் அலறியது. எண்பதைத் தாண்டிய அந்த அம்மா மேஜைத் துணியை உருவி, என் மகனோடு சேர்ந்து அலாரத்துக்குக் கீழே நின்று வீசினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சோறு குழைந்திருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். அது மட்டும் இன்னும் எனக்கு வாயில் வரவில்லை.

எங்கள் ஊர் தூய பவுல் ஆலயத்தைக் கட்டிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் வேல்ஸ்காரர். அன்று அதைச் சொன்னேன். தேரி மணலுக்கு நடுவே 192 அடி உயரக் கோபுரம் என்றதும் கண்ணை விரித்தார். ஐயர் 1870இல் அந்த மண்ணிலேயே காலமானார் என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அவர் வந்து இறங்கிய அன்றைக்கு யார் சாப்பாடு போட்டார்கள்?"

எந்த வீடோ, எந்தப் பெண்ணோ. அன்றைக்கு அவள் வீட்டுச் சோறும் குழைந்திருக்கலாம்.

உடைந்த முந்திரிக்கொத்தையே டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். இப்போது அது இரண்டு வீட்டுக்கும் பொது. இந்த ஊர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். போன வாரம் அம்மா வீடியோ காலில் அசனத்தைக் காட்டினாள். ஆவி பறக்கிற அண்டாக்கள், பின்னால் கோபுரம், யாரோ "இன்னும் இலை கொண்டா" என்று கத்துகிற சத்தம். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் பெல் அடித்தது. துணி ஸ்டாண்டைப் பார்த்தேன், தொட்டியைப் பார்த்தேன். ஃபோனைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறக்கப் போனேன்.

"ஏட்டி, யாரு வந்திருக்கா?" என்றாள் அம்மா. "உள்ள வரச் சொல்லு. சாப்பிடச் சொல்லு."