இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஆகஸ்ட் 3
முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸாக முதல் இரவு. 31 கட்டில்கள், இரண்டு ஆயாம்மாக்கள், நான்.

ஆகஸ்ட் 4
அசல் சான்றிதழ்களை அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு வருடம் முடித்தால்தான் திருப்பித் தருவார்களாம். மதிப்பெண் பட்டியல், டிப்ளமோ, நர்சிங் கவுன்சில் பதிவு எல்லாம் அதற்குள்தான். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6
இரவு 8 மணிக்குப் பொறுப்பேற்றபோதே, படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும் அட்டவணை காலை 6 மணி வரை நிரம்பியிருந்தது. 10 மணி வலப்பக்கம், 12 மணி மல்லாந்து, 2 மணி இடப்பக்கம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. கீழே ஓர் இடம் மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். என் கையொப்பத்துக்கு.

செய்த பிறகுதான் எழுத வேண்டும் என்று முதலாண்டிலேயே தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கையொப்பம் போட்டேன். வந்து மூன்று நாள்தான் ஆகிறது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. போட்டேன் என்பதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 9
7ஆம் கட்டில் அம்மாவின் விரிப்பு நனைந்திருந்தது. மாற்றும்போது பார்த்தேன். வால் எலும்புக்கு மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன். நல்ல தோல் அழுத்தினால் வெளுக்கும், விரலை எடுத்ததும் மறுபடி சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. மறுபடி அழுத்தினேன். இல்லை. படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

ஏர் பெட், அதாவது மோட்டாரால் காற்று நிரப்பும் மெத்தை, போட்டிருக்கிறார்கள், ஆனால் கை வைத்தால் பலகை தட்டுப்படுகிறது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் யாரோ செல்போன் சார்ஜரைச் செருகியிருந்தார்கள். எத்தனை நாளாக அப்படி இருந்ததோ.

"வலிக்கிறதா அம்மா?"
"நீ சாப்பிட்டாயா அம்மிணி?"

ஆகஸ்ட் 10
சிவப்பு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 13
கை இன்னும் நடுங்குகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஷிஃப்ட்டுக்குச் சுமை இருக்கக் கூடாது என்று இன்சுலினை இரவுப் பணியாளரே 5.30-க்குப் போட்டுவிட வேண்டும் என்பது இங்கே வழக்கம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டிய மருந்து அது. இட்லி வருவதோ 8 மணிக்கு. நான் 7 மணிக்கு மேல் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு தாத்தாவுக்குச் சிறுநீர் சேரும் பையை மாற்றப் போயிருந்தேன். அந்த நேரத்தில் சீக்கிரம் வந்த காலை சிஸ்டர், எனக்கு உதவுவதாக நினைத்து, இன்சுலின் போடும் நான்கு பேருக்கும் போட்டுவிட்டார்.

7.20-க்கு 12ஆம் கட்டில் தாத்தாவின் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றி ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ பெண் பெயர் சொல்லி, "பஸ் போய்விட்டதா?" என்றார். விரலைக் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தேன். 46, மிகக் குறைவு. நல்லவேளை, விழுங்க முடிந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். 15 நிமிடம் கழித்து 71. அதன் பிறகு பாலும் பிஸ்கட்டும் கொடுத்தேன்.

பதிவேட்டை எடுத்தேன். 12ஆம் கட்டில், காலை 6 மணி, 132 என்று எழுதியிருந்தது. 6 மணிக்கு யாரும் அவர் விரலைக் குத்தவில்லை. குத்துகிற ஊசியும் நான்கு பேருக்கு ஒன்றுதான், ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து. மஞ்சள் காமாலை பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் கிடக்கும். ஒரு பஞ்சுத் துடைப்பு அதை என்ன செய்துவிடும்?

ஆகஸ்ட் 14
இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "நீ புதிது, போகப் போகப் பழகிவிடும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பழகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17
ஞாயிறு. 7ஆம் கட்டில் அம்மாவுக்கு மகனிடமிருந்து வீடியோ அழைப்பு. தலை வாரி, பவுடர் போட்டு, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டோம். செல்போனைப் பிடித்திருந்தது நான்தான்.

"நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா அம்மா?"
"எனக்கு என்ன குறை கண்ணு."

கேமராவைக் கீழே இறக்க ஒரு நொடி போதும். இறக்கவில்லை. பீரோ நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 19
தோல் உரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 20
ஆயாம்மாக்கள் மீது கோபமாக இருந்தேன். இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

31 பேரில் 14 பேரால் தானாகப் புரள முடியாது. ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். டயப்பர் மாற்றி, துடைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து முடிக்கப் பத்து நிமிடம். 14 பேருக்கு 140 நிமிடம். இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிடம்தான். முதல் சுற்று முடிவதற்குள் இரண்டாவது சுற்று தொடங்கிவிட வேண்டும். இரவு முழுக்க ஒரு நிமிடம் உட்காராவிட்டாலும் இந்த அட்டவணைப்படி யாராலும் செய்ய முடியாது. அதனால்தான் முன்கூட்டியே நிரப்பி வைக்கிறார்கள்.

பெரிய ஆயாம்மா இங்கேயே மாடிப்படிக்குக் கீழே தங்கியிருக்கிறார். பகலிலும் கூப்பிடுவார்கள், இரவிலும் கூப்பிடுவார்கள். முழங்கால் வீங்கியிருக்கிறது. "நான் மட்டும் மனதோடவா விடுகிறேன் சிஸ்டர்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சார்ஜர் அவருடையதுதான் என்று இன்றுதான் தெரிந்தது. மறுபடி அங்கே செருகவில்லை.

ஆகஸ்ட் 22
22ஆம் கட்டில் ஐயாவின் கைகளைக் கட்டிலின் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் வடு. அவிழ்த்துவிட்டேன். 3 மணிக்கு மூக்குக் குழாயைப் பிடுங்கிக்கொண்டார். சட்டை முழுக்கப் பால்.

அவிழ்த்தது நான். கட்டியிருந்தால் குழாய் இருந்திருக்கும். இரண்டும் உண்மை.

ஆகஸ்ட் 23
தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 25
நர்சிங் படித்தபோது விளக்கேற்றும் விழாவில் வெள்ளைச் சீருடையில் உறுதிமொழி சொன்னோம். தீங்கு செய்யும் மருந்தைத் தெரிந்தே கொடுக்க மாட்டேன் என்று அதில் ஒரு வரி வரும். மெழுகு கையில் சொட்டியதும் நினைவிருக்கிறது.

இன்று அட்டவணையில் முன்கூட்டி எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தேன். 10 மணி: செய்தோம். 12 மணி: ஒன்பது பேருக்கு மட்டும். 2 மணி: செய்யவில்லை, ஆள் போதவில்லை. அடியில் கையொப்பம். இந்த மாதத்தில் இன்றுதான் மனமறிந்து போட்டேன்.

7ஆம் கட்டில் அம்மாவை மட்டும் ஒவ்வொரு முறையும் திருப்பினோம். அது சரியா என்றும் தெரியவில்லை. மற்ற 13 பேருக்கும் முதுகு இருக்கிறது.

ஆகஸ்ட் 27
காகிதம் காணவில்லை. அந்த இடத்தில் புதிய அட்டவணை, எல்லாக் கட்டங்களிலும் டிக். இனி செல்போனில் படம் எடுத்து வைக்கிறேன்.

முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை. நான் இங்கே இருப்பது இரவு 8 முதல் காலை 8 வரை. எண்ணைக் கையில் எழுதி, கை கழுவும்போது அழிந்து, மறுபடி எழுதினேன்.

ஆகஸ்ட் 30
7ஆம் கட்டில் அம்மாவின் மகள் பொள்ளாச்சியிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டார். இரவு 8.15. பவுடர் போட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. "அம்மாவுக்கு என்ன சிஸ்டர், முகம் இப்படி வாடியிருக்கிறது?" என்றார்.

போர்வையை விலக்கி, டிரெஸ்ஸிங்கைப் பிரித்துக் காட்டினேன். அவர் அழவில்லை. "எத்தனை நாளாக?" என்று மட்டும் கேட்டார். செல்போனில் இருந்ததையும் காட்டினேன். தேதி சொன்னேன். என் கையொப்பம் இருந்த 6ஆம் தேதிக் காகிதத்தைப் பற்றியும் சொன்னேன்.

ஆகஸ்ட் 31
இன்று முதல் வர வேண்டாம் என்று மேலாளர் பேசினார். சான்றிதழ்? "பிறகு பார்க்கலாம்." காலை 9 மணிக்கு 14567-ஐ அழைத்தேன். பெயர், முகவரி எல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

இரவு 10 ஆகிவிட்டது. வீட்டில் படுத்திருக்கிறேன். 12ஆம் கட்டிலுக்கு நாளைக் காலை இன்சுலினை எத்தனை மணிக்குப் போடுவார்கள்?

செப்டம்பர் 1
நள்ளிரவு தாண்டி 2.10-க்குப் பெரிய ஆயாம்மா அழைத்தார். "7ஆம் கட்டிலை இடப்பக்கம் திருப்பியாயிற்று சிஸ்டர், தூங்குங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.