பழைய 100 சிசி வண்டி: பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி எர்த்த (பேட்டரி மைனஸ ஃப்ரேமோட சேர்க்குற வயர) பாருங்க

வண்டி 90கள்ல வந்த 100 சிசி, கிக்கர் மட்டும்தான், 12 வோல்ட் பேட்டரி. ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கத்துது, இண்டிகேட்டர் எரியுது ஆனா மினுக்க மாட்டேங்குது, பிரேக்க புடிச்சா இன்னும் மங்குது. கேட்டவங்க எல்லாரும் பேட்டரி போச்சு புதுசு போடுன்னுதான் சொன்னாங்க.

ஆனா ஹெட்லைட் மட்டும் ஆக்சிலரேட்டர் முறுக்கினா பளிச்சுன்னு எரியுது. இந்த மாதிரி வண்டிகள்ல ஹெட்லைட் நேரா மேக்னெட் காயில்ல இருந்து வர்ற ஏசில ஓடும், ஹாரன் இண்டிகேட்டர் பிரேக் லைட் எல்லாம் பேட்டரியோட டிசி, அதனால டிசி பக்கம் மட்டும் நோண்டினா போதும்.

மல்டிமீட்டர் வச்சு பாத்தா பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7, பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் போட்டா கூட 12.3க்கு கீழ போகல. அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு, கரண்ட்டு வழியில எங்கயோ முழுங்குது. கன்டினியூட்டி பீப் (வயர் அறுந்திருக்கான்னு சத்தம் போட்டு காட்டுற மீட்டர் மோடு) வச்சு வயர செக் பண்ணாதீங்க, உள்ள ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் அது பீப் அடிக்கும். லோடு ஓடும்போதுதான் வோல்டேஜ் டிராப், வழியில எவ்ளோ வோல்ட் தொலையுதுன்னு பாக்கணும், அதாவது லைட்ட போட்டுட்டே மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல, இன்னொன்ன ஃப்ரேம்ல பெயின்ட் இல்லாத இடத்துல வைக்கணும். 0.2க்குள்ள இருந்தா பரவால்ல, எனக்கு வந்தது 2.1 வோல்ட்! லோடு 3 ஆம்ப்ஸ் கிட்டன்னு வச்சா 0.7 ஓம், சாதா மீட்டரோட வயரே அரை ஓம் காட்டும், அப்புறம் ஓம்ஸ் மோடுல இத எப்படி கண்டுபுடிக்க முடியும்.

சீட்டுக்கு கீழ எர்த் வயர் ஃப்ரேமோட சேர்ற போல்ட்ட கழட்டினா லக்குக்கு (வயர் முனையில இருக்குற வளையம்) அடியில முழுக்க துரு, லக் வயர அழுத்தி புடிச்சிருக்குற கிரிம்ப்புக்கு உள்ள பச்சை பூத்துப் போய் கிடந்துச்சு. நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டி புது ரிங் லக் கிரிம்ப் பண்ணி, ஃப்ரேம்ல எமரி போட்டு பளபளன்னு ஆக்கி, போல்ட் டைட் பண்ணி மேல வாஸ்லின் தடவினேன். இப்போ டிராப் 0.06, ஹாரன் அந்தக் காலத்து கம்பீரத்தோட அடிக்குது, கேக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு!

ஒண்ணு கவனிங்க, கலர நம்பி வயர ஒட்டாதீங்க, ஹோண்டா கலர் கோடுல பச்சைதான் எர்த், கருப்பு வந்து சாவி போட்டதும் பிளஸ் வர்ற வயர், அதே யமஹால கருப்புதான் எர்த். மாத்தி கொடுத்தா ஃபியூஸ் போயிடும்.

சார்ஜிங்கும் பாத்தேன், ஐடில்ல 13.1, முறுக்கினா 14.2, அதனால ஆர்ஆர் யூனிட் (ஏசிய டிசி ஆக்கி வோல்டேஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) ஓகே.

இன்னும் நியூட்ரல் லைட்டு மட்டும் பாக்கி, ஹேண்டில இடது பக்கம் திருப்பினா அணையுது. கழுத்துப்பக்கம் ஹார்னஸ் (வயர் கட்டு) மடங்குற இடத்துல வயர் உள்ளுக்குள்ள ஒடஞ்சிருக்கணும், அடுத்து ஹெட்லைட் டூம கழட்டி அதைத்தான் தேடணும்.