கையடக்க கேம் போர்டு டெஸ்டிங் – பாம்பன் நாட்குறிப்பு

ஏப்ரல் 16, 2025

போர்டு கைக்கு வந்துடுச்சு. கேஸ் கிடையாது, வெறும் டெவலப்மென்ட் போர்டு. ஆர்கே3326 சிப்பு, ஒரு ஜிபி ராம், மூணரை இஞ்சு ஸ்கிரீன், பட்டனெல்லாம் தனியா ஒரு குட்டி பிசிபில. இன்னும் கடைக்கு வராத சாமான், அதனால கம்பெனி பேர் எழுத மாட்டேன். எனக்குக் குடுத்த வேலை, வீடியோ எப்படி ஓடுது, பழைய கேம் எமுலேட்டர் (பழைய கேம் மெஷின் மாதிரியே நடந்துக்குற சாஃப்ட்வேர்) எப்படி ஓடுதுன்னு பாத்து எழுதி அனுப்பணும். கூட வந்த ஷீட்ல ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரே ஒரு கட்டம்தான், சராசரி எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) காட்டுதுங்கறது. அதை மட்டும் வச்சு ஒரு மெஷினை நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்ல முடியாதுன்னு எனக்கு ஆரம்பத்துலருந்தே தோணுது, பாப்போம்.

மொத வேலையா போர்டை சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட ஒரு டிபன் பாக்ஸ்ல வச்சுட்டேன். நம்ம கடக்கரைல வெறும் போர்டை மேசைமேல போட்டு வச்சா கனெக்டர்லாம் பச்சை பூத்துடும்.

மீன்பிடி தடைக்காலம் நேத்து ஆரம்பிச்சுடுச்சு, ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் போகாது, அண்ணன் வீட்டுலதான் இருக்கான்.

ஏப்ரல் 17

ஜிபிஏ (கேம்பாய் அட்வான்ஸ்) எமுலேட்டர். பல எமுலேட்டரை ஒரே இடத்துல ஓட்டுற ரெட்ரோஆர்ச்ல எம்ஜிபிஏ கோர் (அந்த மெஷினுக்கான எமுலேட்டர் பகுதி) போட்டேன், சந்தோஷமா இருக்கு. ஜிபிஏ ஸ்கிரீன் 240க்கு 160, இந்த பேனல் 480க்கு 320, அதாவது கரெக்டா ரெண்டு மடங்கு, ஒரு பிக்சல் நாலு பிக்சலா சதுரமா விரியுது, எழுத்து எங்கயும் கலங்கல. ஜிபிஏ ஓடுறது செகண்டுக்கு 59.73 ஃப்ரேம், பேனல் 60, வித்தியாசம் அரை பர்சன்ட்டுக்கும் கீழ. ரெட்ரோஆர்ச் சவுண்டை அந்த அளவுக்கு லேசா நீட்டி சுருக்கி ஸ்கிரீனோட சேத்துக்கும், காதுக்குத் தெரியாது. பிளேஸ்டேஷனுக்கு பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு போட்டுப் பாத்தேன், அதுவும் தாராளமா ஓடுது. அந்த கோரை இந்த போர்டுல இருக்க மாதிரி ஏஆர்எம் சிப்புக்குன்னே எழுதிருக்காங்க, அதோட பலன் இது.

நாளைக்கு பெரிய வெள்ளி, ஈஸ்டர் முடிஞ்சுதான் இனி போர்டு பக்கம்.

ஏப்ரல் 22

வீடியோ. போன்ல எடுத்த 1080 எச்.264 ஃபைலை எம்பிவி பிளேயர்ல ஹார்டுவேர் டீகோட் (வீடியோவை விரிக்கன்னே சிப்புல இருக்க தனிப் பகுதி) இல்லாம ஓட்டுனா சிபியுவோட நாலு கோரும் முட்டி நிக்குது, ஃப்ரேம் விழுது. இது சின்ன கோர், கார்டெக்ஸ் ஏ35, அதுகிட்ட அவ்வளவு எதிர்பாக்கவும் கூடாது. ஹார்டுவேர் டீகோட் போட்டா சிபியு சும்மாதான் இருக்கு. ஆனா இன்னொரு சிக்கல், பேனல் உண்மையில நிமிந்து நிக்கிற பேனல், 320 அகலம் 480 உயரம், அதைப் படுக்கப் போட்டு மாட்டிருக்காங்க. படத்தை 90 டிகிரி திருப்பணும். டீகோடர்லருந்து வர்ற படத்தை தனி லேயர்ல நேரா ஸ்கிரீனுக்கு அனுப்புனா திருப்ப வழியில்ல, ஜிபியு (படம் வரையுற பகுதி) வழியாத்தான் போகணும். போனாலும் நல்லாத்தான் ஓடுது. இன்னொன்னு, விசிங்க்கை (ஸ்கிரீன் புதுசாகுற நேரத்தோட படத்தை சேத்து அனுப்புற செட்டிங்) ஆஃப் பண்ணுனா மத்த ஸ்கிரீன்ல படம் குறுக்கால கிழியும், இதுல நெட்டுக்குத்தா கிழியுது. பேனல் வரி வரியா நிரப்புறது நம்ம கண்ணுக்கு இடமிருந்து வலமா நடக்குதுல்ல, அதான்.

ஏப்ரல் 25

மதினி எட்டிப் பாத்துட்டு "தம்பி, எங்க கல்யாண சிடி இதுல ஓடுமா"ன்னு கேட்டாங்க. பீரோலருந்து எடுத்துக் குடுத்தாங்க, விசிடி, நல்லவேளை கீறல் அதிகமில்ல. லேப்டாப்ல காப்பி பண்ணி போர்டுல போட்டேன். எம்பெக் ஒன்னு ஃபார்மேட், 352க்கு 288, 25 ஃப்ரேம். இதுக்கு ஹார்டுவேர் டீகோடே வேணாம், ஒரு கோர்ல கால்வாசி கூட எடுக்கல. ஷீட்டுல எழுதணும்னா 25க்கு 25, ஃபுல் மார்க்.

ஆனா பாக்கக் கஷ்டமா இருக்கு. கேமராக்காரர் கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் மெதுவா திருப்பி எடுத்துருக்கார், பெஞ்சுல உக்காந்துருக்க ஆளுங்க மொகமெல்லாம் வரிசையா வரணும், அது வழுக்கிட்டு வராம தத்தித் தத்தி வருது. போன்ல ஸ்லோமோஷன்ல 240 ஃப்ரேம்ல ஸ்கிரீனை எடுத்து ஒவ்வொண்ணா நகத்திப் பாத்தேன். ஒரு படம் எட்டு ஃப்ரேம் நிக்குது, அடுத்தது பன்னெண்டு, திரும்ப எட்டு, பன்னெண்டு, எட்டு, எட்டு. அதாவது 60 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 60 தரம் புதுசாகுற) ஸ்கிரீன்ல 25 படத்தை சமமாப் பங்கு போட முடியாது, ஒரு படத்துக்கு 2.4 தரம் வரும், அதனால சிலது ரெண்டு தரம் சிலது மூணு தரம். ஒரு ஃப்ரேம் கூட விழல, சராசரி சுத்தமா இருக்கு, ஆனா அசைவு நொண்டுது.

ஏப்ரல் 27

இன்னிக்கு நடந்ததை முழுசா எழுதணும். அண்ணன்கிட்ட காண்ட்ரா போட்டுக் குடுத்தேன், சின்ன வயசுல டிவில கேசட் சொருகி அவன் விழுந்து விழுந்து ஆடுன கேம். அருவி ஸ்டேஜ்ல குதிச்சுக் குதிச்சு விழுறான். கொஞ்ச நேரத்துல, "இது வேகமா போகுதுடா, நம்ம வீட்டு கேசட் இப்படி ஓடாது"ன்னான். ஞாபகம்னு விட்டுருக்கலாம், ஆனா அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த கேமை எழுதுனது ஜப்பான் அமெரிக்கா டிவிக்கு, செகண்டுக்கு 60 ஃப்ரேம். நம்ம ஊர் டிவி அப்ப பால் (PAL) முறை, 50. இங்க வித்த டூப்ளிகேட் வீடியோ கேம் பெட்டியெல்லாம் 50லதான் ஓடுச்சு. கேமுக்குள்ள குதிக்கிறது நடக்குறது எல்லாமே ஃப்ரேம் கணக்கு, அதனால அங்க ஒரு செகண்ட்ல நடக்குறது இங்க 1.2 செகண்ட் எடுக்கும். அவன் கட்டைவிரல் பழகுனது அந்த வேகத்துக்கு.

இந்த கேமை ஓட்டுற எஃப்சிஇயுஎம்எம் கோர்ல ரீஜன் (எந்த ஊர் டிவி முறைங்கற செட்டிங்) மாத்தலாம். பால்னு வச்சேன். "வேகம் சரி, ஆனா மியூசிக் சுருதி எறங்கிடுச்சு"ன்னான். கோயில்ல பாடுற ஆளு, அந்தக் காதை நம்பணும். ஐரோப்பாவுல வித்த ஒரிஜினல் பால் பெட்டில சிபியு கடிகாரம் 1.66 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க பெட்டில 1.79, அதனால சுருதி அரைக்கட்டைக்கும் மேல எறங்கும். நம்ம டூப்ளிகேட் பெட்டி வகைக்கு டெண்டின்னு தனி செட்டிங் இருக்கு, அதுல கடிகாரம் 1.77, ஃப்ரேம் மட்டும் 50. டெண்டி வச்சதும் "ஆ, இதான்"னான். அருவிய ஒரே மூச்சுல ஏறிட்டான்.

வேகமும் சுருதியும் கெடச்சுடுச்சு, ஆனா ஸ்க்ரோல் ஆகும்போது அதே நொண்டல். 50 ஃப்ரேமை 60 ஸ்கிரீன்ல காட்டுனா அஞ்சாவது ஃப்ரேம் ஒவ்வொண்ணும் ரெண்டு தரம் வரும். கல்யாண சிடிக்கும் காண்ட்ராவுக்கும் ஒரே நோய். இந்த ஸ்கிரீனுக்கு 50 ஹெர்ட்ஸ் வேணும்.

மே 3

கெர்னல்ல (சிஸ்டத்தோட அடிப்படை சாஃப்ட்வேர்) பேனல் டைமிங்கைத் தேடி எடுத்தேன். ஒரு வரிக்கு மொத்தம் 400 கிளாக், ஒரு ஃப்ரேமுக்கு மொத்தம் 510 வரி, பிக்சல் கிளாக் 12.24 மெகாஹெர்ட்ஸ். கிளாக்கை மத்த ரெண்டாலயும் வகுத்தா 60 வந்துடும். 50 ஆக்க ரெண்டு வழி, கிளாக்கைக் கொறைக்கலாம், இல்லன்னா வரியைக் கூட்டலாம். கிளாக்கைத் தொட்டா பேனலுக்குப் போற டேட்டா வேகம் மாறும், கிளாக்கை உண்டாக்குற பிஎல்எல்லும் கேட்ட எண்ணை அப்படியே குடுக்கும்னு சொல்ல முடியாது. அதனால கிளாக்கை விட்டுட்டு கீழ வெத்து வரியா 102 கூட்டி 612 ஆக்குனேன். பேனல் அந்த நேரம் சும்மா காத்துருக்கும், அவ்வளவுதான். பழைய மோடையும் வச்சுக்கிட்டு இதை ரெண்டாவது மோடா சேத்தேன்.

கரண்ட் போயிடுச்சு, கம்பைல் பாதில நிக்குது.

மே 4

ஓடுது! கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் ஒரே இழுவையா தண்ணி மாதிரி வருது. ஸ்லோமோஷன்ல எண்ணுனா ஒவ்வொரு படமும் ஒரே அளவு நேரம் நிக்குது. மதினி போர்டைக் கைல வாங்கி, பெஞ்சுல இருந்த அவங்க அப்பா மொகத்தை நிறுத்தி நிறுத்திப் பாத்தாங்க. காண்ட்ராவும் சுத்தம்.

ஃபைலோட ஃப்ரேம் ரேட்டை எஃப்எஃப்ப்ரோப்ல படிச்சு, 25ஓ 50ஓ இருந்தா 50 மோடு, மத்ததுக்கு 60 மோடுன்னு எம்பிவிய தொறக்குற ஒரு குட்டி ஸ்கிரிப்டும் எழுதிட்டேன். போன் வீடியோ பெரும்பாலும் 30, அதுக்கு 60தான் நல்லது. தியேட்டர் படம் 24தான், ஆனா பால் டிஸ்க்ல ஏத்தும்போது லேசா வேகம் கூட்டி 25 ஆக்கிருவாங்க, அதனால வீட்டுல இருக்க டிவிடியும் இந்த மோடுலயே அழகா ஓடும்.

மே 20

வெயில் தாங்கல. மத்தியானம் ஓட்டு வீட்டுக்குள்ள பிளேஸ்டேஷன் கேம் ஓட்டுனா சிப்பு 74 டிகிரி காட்டுது, சாயந்தரம் கடக்காத்துல அதே கேம் 63. கேஸ் வடிவம் முடிவு பண்றப்ப இதைக் கணக்குல எடுக்கணும்னு எழுதிட்டேன். ஸ்கிரீன் கேபிள் கனெக்டர்ல லேசா பச்சை, டிபன் பாக்ஸ் இருந்தும். ஐசோப்ரொப்பைல் போட்டுத் தொடச்சேன்.

ஜூன் 11

ரிப்போர்ட் அனுப்பிட்டேன். அவங்க கட்டத்துல எஃப்பிஎஸ் எழுதுனேன், பக்கத்துல ஒரு ஃப்ரேம் எத்தனை மில்லிசெகண்ட் நின்னுச்சு, ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு வித்தியாசம்னு தனிக் கட்டம் போட்டேன். 50 ஹெர்ட்ஸ் மோடு இல்லாம இந்த மெஷினை இந்தியாவுல விக்காதீங்கன்னு நேராவே எழுதிட்டேன். அவங்க டெஸ்ட் வீடியோ எல்லாமே 24, 30, 60. நம்ம வீட்டு பீரோல இருக்குறது பூரா 25. பேட்ச்சையும் அனுப்பிட்டேன்.

கரைல போட்டுக்கெல்லாம் பெயின்ட் காஞ்சுருச்சு, வலை ஏத்துறாங்க. படகு ஓனர் சம்மாட்டிகிட்ட பேசி, மொத கடலுக்கு அண்ணன் போர்டை எடுத்துட்டுப் போறான், வீல்ஹவுஸ்ல 12 வோல்ட் பேட்டரிலருந்து சார்ஜ் ஏறுமா, இன்ஜின் ஓடுறப்ப ஹெட்போன்ல கொர்ருன்னு சத்தம் வருதான்னு பாத்துச் சொல்வான். சத்தம் வந்தா சார்ஜ் வர்ற 12 வோல்ட் லைன்ல போடுற நாய்ஸ் ஃபில்டர் ஒண்ணு வாங்கணும், ராம்நாட் கடையில கேட்டு வச்சுருக்கேன்.