எருமைநாக்குக்குத் தூண்டல் போடுறவங்க கவனத்துக்கு

எருமைநாக்கு மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்து, பக்கத்துல வாற மீனை எம்பிப் பிடிக்கிற தட்டை மீன் சாதி. முட்டம், குளச்சல் பக்கம் கட்டுமரத்துல போறவங்க பாருக்கு, அதாவது கடலடிப் பாறைக்கு மேல போடாதீங்க. பார் முடிஞ்சு மணல் தொடங்குற ஓரம்தான் இடம்.

துளை ஈயம் தங்கூஸ்ல (நைலான் தூண்டல் நரம்பு) தாராளமா ஓடணும். ஈயத்துக்குக் கீழ ஒன்றரை முழம் தங்கூஸ், கடைசி ஒரு சாண் கம்பி. பல்லு அப்படி, கம்பி இல்லேன்னா அறுத்துட்டுப் போயிரும். இரை, உயிருள்ள சின்னச் சாளை. உதட்டுல மட்டும் குத்துங்க, நீந்தணும். இல்லேன்னா விரல் அகலத்துக்குக் கணவாய்.

ஈயம் தரையை விடவே கூடாது. நீவாடு (கடல் நீரோட்டம்) 100 கிராம் ஈயத்தைத் தூக்குனா 200 போடுங்க. மணல்ல ஈயம் இழுபடுறது கையில வழவழன்னு தெரியும். டொக்கு டொக்குன்னா பார், உடனே தூக்கிருங்க.

முதல் கொத்துல வெட்டி இழுக்குறதுதான் பெரிய தப்பு. அது இரையைக் கவ்விட்டுத்தான் விழுங்கும். பத்து எண்ணி, கனம் ஏறினதும் நிதானமா இழுங்க. மேல வந்ததும் தலையைத் தண்ணிக்கு வெளிய தூக்காதீங்க, துள்ளி அறுக்கும். கைவலையை அசைக்காம தண்ணிக்குள்ள பிடிச்சு, தலை முன்னால வர்ற மாதிரி உள்ள விடுங்க. உடனே ஈரச் சாக்குக்குள்ள போடுங்க. கட்டுமரத்து மேல துடிச்சா தங்கூஸ் காலைச் சுத்திரும்.