லேப்டாப் ஃபேன் இரைச்சலும் கோவைக்கு வீணாய்ப் போன ஒரு நாளும்

கோத்தகிரியில் ஜனவரி ராத்திரி எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு கணக்கு வேலை பார்ப்பேன், என் பழைய திங்க்பேட் லேப்டாப் மட்டும் சித்திரை வெயிலில் கிடப்பது மாதிரி இரையும். ஒரு நாள் பக்கத்து அறையில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்து, "மழையா பெய்யுது? துணி வெளியே கிடக்கே" என்று கதவைத் திறந்து பார்த்தார். அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் செய்தது தப்பு. எதையும் சோதித்துப் பார்க்காமல் காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் மெஷினைத் திறக்கவே இல்லை. காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஃபேன் போச்சு சார், போர்டும் செக் பண்ணணும், பத்து நாள் ஆகும், விட்டுட்டுப் போங்க" என்றார். சூடு எத்தனை டிகிரி காட்டுகிறது என்று கேட்டேன், பதிலே இல்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வீடு சேர ராத்திரி எட்டு. அந்த ஒரு நாள் போனது இன்னும் மனசை அறுக்கிறது.

மறுநாள் லேப்டாப்பில் இருக்கும் உபுண்டு லினக்ஸில், சூட்டையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் கருவியைப் போட்டுப் பார்த்தால் பிராசசர் 47 டிகிரி, ஃபேன் நிமிடத்துக்கு 3,900 சுற்று. 47 டிகிரிக்கு எதற்கு இவ்வளவு வேகம்? இதை முதலிலேயே பார்த்திருந்தால் பஸ் ஏறியிருக்கவே மாட்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சும்மா இருக்கும்போதே உங்களுக்கு 80, 85 என்று காட்டினால் சாஃப்ட்வேர் பக்கம் போகாதீர்கள், தூசியும், பிராசசர் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதும்தான் காரணமாக இருக்கும். நம் ஊர் 1,800 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி குறைவு, அதே குளிர்ச்சிக்கு ஃபேன் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றத்தான் வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று நாமே வைக்க உதவும் புரோகிராம் திங்க்ஃபேன். அதை இன்ஸ்டால் செய்வது ஒரு நிமிட வேலை. ஆனால் லினக்ஸின் மையமான கெர்னல், நாம் சொல்லாமல் அதை ஃபேனைத் தொட விடாது. கெர்னலில் திங்க்பேடைக் கவனிக்கும் பகுதியான திங்க்பேட் மாட்யூலுக்கு ஃபேன் கண்ட்ரோல் ஆப்ஷனை 1 என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்தேன், சத்தம் அடங்கியது, நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ஆன் செய்தால் மறுபடியும் அதே இரைச்சல், திங்க்ஃபேன் சர்வீஸ் ஃபெயில் என்று வருகிறது. இரண்டு ராத்திரி இதில் போச்சு. திங்க்ஃபேனின் அமைப்புகளை எழுதும் கான்ஃபிக் கோப்பில், எந்தச் சென்சாரைப் படிப்பது என்று நான் கொடுத்த பாதையில் எச்டபிள்யூமான் 3 (லினக்ஸ் சென்சாருக்குத் தரும் எண்) என்றிருந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் அதே சென்சார் 5 ஆகிவிட்டது. அந்த எண் நிலையானதே இல்லை! எண்ணை எடுத்துவிட்டு பிராசசர் சூட்டுச் சென்சாரின் பெயரான கோர்டெம்ப் என்பதைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. இன்னொன்று, அந்தக் கான்ஃபிக் கோப்பு யாம்ல் என்ற வடிவத்தில் எழுதுவது, வரியை உள்ளே தள்ள டேப் தட்டினால் ஏற்காது, ஸ்பேஸ்தான்.

அப்புறம் படிகள், அதாவது எத்தனை டிகிரி வரை ஃபேன் எந்த வேக லெவலில் ஓட வேண்டும் என்பது. ஒரு படி 55இல் முடிந்து அடுத்தது அதே 55இல் தொடங்கினால், 54க்கும் 56க்கும் நடுவே ஃபேன் ஏறி இறங்கி உயிரை எடுக்கும். ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி வையுங்கள். என்னுடையது: 54 வரை லெவல் 1, 49 முதல் 62 வரை 2, 57 முதல் 70 வரை 4, 65 முதல் 80 வரை 7, 75க்கு மேல் ஆட்டோ, அதாவது லேப்டாப்பே வேகத்தை முடிவு செய்துகொள்ளும். லெவல் 0 நான் வைக்கவில்லை, ஃபேன் முழுக்க நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது ராத்திரி 2,100 சுற்றில் ஓடுகிறது, பிராசசர் 52. அப்பா எழுந்து வருவதில்லை. இந்த எண்களெல்லாம் கோத்தகிரிக் குளிருக்குப் போட்டவை. கோவைக்கு எடுத்துக்கொண்டு போகும்போது திங்க்ஃபேன் சர்வீஸை நிறுத்தி ஆட்டோவில் விட்டுவிடுகிறேன்.