தள்ளிப்போன தைப்பூசம்

2022ஆம் ஆண்டு தைப்பூசம் ஜனவரி 18இல் வந்தது. பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, கொரோனா காரணமாக 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. பூஜைகள் உள்ளே வழக்கம்போல் நடக்கும். நாம்தான் போய் நிற்க முடியாது. மாலை போட்டு, விரதம் பிடித்து, பச்சைச் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருந்த எங்கள் காரைக்குடிக் கூட்டத்தின் தலையில் இடி இறங்கியது. சில கூட்டங்கள் ஓட்டமும் நடையுமாக முன்கூட்டியே பழனி போய்ச் சேர்ந்து தரிசனம் முடித்துவிட்டன. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மற்றவர்களுக்கு அது ஆண்டுதோறும் போகிற யாத்திரை. எனக்கோ கடன். என் வீட்டுக்காரர் உயிருக்காக முருகனிடம் வாங்கிய கடன்.

எங்கள் பக்கத்தில் பழனிக்கு நடப்பது புதிதில்லை. நகரத்தார் காவடி நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வழியில் போகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஊர்ச் சனமெல்லாம் நடக்கிறது. கொப்புடையம்மனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினால் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், அப்புறம் பழனி. 160 கிலோமீட்டருக்குக் குறையாது. இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே எனக்குக் கால் பரபரக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நடக்கிறேன். அத்தைதான் என்னை முதலில் கூட்டிப்போனவர். 2020 பிப்ரவரி 8 பூசத்துக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். மறு மாதமே ஊரடங்கு.

நடந்து பழகிய காலை வீட்டுக்குள் கட்டிப்போடுவது எவ்வளவு கொடுமை என்பது நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் இறங்க முடியாது. கோயில்கள் சாத்திக் கிடந்தன. மே 4இல் மதுரை மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த அத்தை, "அழகரே ஆற்றில் இறங்காத வருஷம் இது. நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் மொட்டைமாடியில் நடக்க ஆரம்பித்தேன். வெயில் ஏறுவதற்குள் நடந்து முடிக்க வேண்டும். வெறுமனே சுற்றினால் தலை கிறுகிறுத்தது, மனமும் ஒட்டவில்லை. அதனால் பழனிப் பாதையையே மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொரு விடியற்காலையும் கொஞ்ச தூரம். விட்ட இடத்தில் மறுநாள் தொடக்கம். அத்தை மாடிப்படியின் மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையைச் செம்பில் போடுவார். முழங்கால் தேய்ந்த பிறகு அவர் நடப்பதில்லை. ஆனால் பாதை முழுக்க அவருக்கு மனப்பாடம்.

"எதுவரைக்கும் வந்திருக்கிறாய்?"

"கொட்டாம்பட்டி, அத்தை. நாற்கரச் சாலையைத் தாண்டப் போகிறேன்."

"பார்த்துத் தாண்டு. திருச்சி லாரியெல்லாம் வேகமாக வரும்."

உண்மையாகவே பயந்துதான் சொல்வார். நானும் ஒரு நிமிடம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சுற்றைத் தொடர்வேன். நத்தம் தாண்டினால் புளியமரச் சாலை, கோபால்பட்டி, சாணார்பட்டி. அத்தை சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் காற்றே வந்துவிடும்.

2021 தைப்பூசத்துக்குக் கோயில் திறந்திருந்தது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விட்ட முதல் ஆண்டும் அதுதான். ஆனாலும் எங்கள் கூட்டத்தில் வயதானவர்கள் அதிகம். வழியில் தங்கல், சாப்பாடு எல்லாம் நூறு பேரோடு நூறு பேராகத்தான் நடக்கும். குருசாமி வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த தை இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

அந்தத் தை வருவதற்குள் மே மாதம் வந்துவிட்டது.

இரண்டாம் அலையில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. ஆக்சிஜன் 84க்கு இறங்கிவிட்டது. படுக்கை தேடி அலைந்ததையெல்லாம் எழுதப் போவதில்லை. அந்த மாதத்தில் தமிழ்நாட்டில் அலையாத குடும்பம் எது? ஒருவழியாக ஒரு மருத்துவமனையில் இடம் கிடைத்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூட யாரும் இருக்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கவும் நெற்றியில் விபூதி வைக்கவும் எனக்கு உரிமையில்லை. தகவல் கேட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நர்ஸ் பெண் மட்டும் தன் வேலை முடிந்து போகும்போது அவர் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்துக் காட்டும். முகமூடிக்குள் அவர் மூச்சு வாங்குவது தெரியும். பேச மாட்டார், கையை மட்டும் அசைப்பார்.

வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அர்த்த ராத்திரியில் மாடிக்குப் போய் நடந்தேன். அன்றைக்கு அத்தை புளியங்கொட்டை எடுத்துவரவில்லை, ஊர்ப் பெயர் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பாட்டு வரவில்லை, மந்திரம் வரவில்லை. வேண்டுதல் வைக்கக்கூட வாய் திறக்கவில்லை. கால் மட்டும் நடந்தது. எத்தனை சுற்று என்று தெரியாத ஒரு சுற்றில்தான் வார்த்தை வந்தது: "தண்டாயுதபாணி, இவரை வீட்டுக்கு அனுப்பி வை. நான் நடந்து வருகிறேன். இவர் தலைமுடியை உன் அடிவாரத்தில் இறக்குகிறேன்." அத்தை எழுந்து கீழே போய், பூஜையறையில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து வைத்தார்.

அனுப்பி வைத்தான். இளைத்து, தாடியோடு, பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவராக வந்தார். வந்தார், அது போதும். எங்கள் கூட்டத்துக்கு வழிநடைப் பாட்டு எடுத்துக் கொடுக்கும் பெரியவர் அதே மாதத்தில் போய்விட்டார். அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவும் முடியவில்லை.

இப்போது தெரிந்திருக்கும், 2022 தடை எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று. பூசத்தன்று வீட்டில் இருக்க முடியவில்லை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரைக்குமாவது நடக்கிறேன் என்று தனியாகக் கிளம்பினேன். அங்கேயும் வழி அடைத்திருந்தது. மலையடிவாரத்தில், தடுப்புக்கு இந்தப் பக்கம், ரோட்டோரமாகக் கற்பூரம் ஏற்றினேன். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் ஒன்றும் சொல்லாமல் அது எரிந்து முடியும் வரை திரும்பி நின்றுகொண்டார். "சண்முகநாதா, பழனிக்கு நீயே தகவல் சொல்லிவிடு. பாக்கியை மறக்கவில்லை" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி முருகன் படத்துக்குச் சாத்தினேன்.

2023இல் அவன் அழைத்தான். அதுவும் எப்படி? ஜனவரி 27இல் பழனி மலைக்கோயில் கும்பாபிஷேகம். 2006க்குப் பிறகு அப்போதுதான். பிப்ரவரி 5இல் பூசம். குடமுழுக்கு முடிந்த ஈரம் காயுமுன் போய் நிற்கிற பாக்கியத்தை நான் கேட்டு வாங்க முடியுமா? தள்ளித் தள்ளிப் போட்டு இதற்காகத்தான் வைத்திருந்தானோ என்று வழியெல்லாம் நினைத்தேன். மஞ்சள் துணி முடிச்சு என் இடுப்பில் இருந்தது.

நத்தம் வரைக்கும் கால் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் பனி, பகலில் தார் ரோட்டுச் சூடு. திண்டுக்கல் தாண்டியதும் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்துவிட்டது. மாடியில் எத்தனை நடந்தாலும் ரோடு ரோடுதான். பஸ்களும் கார்களும் முகத்தில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிப் போகின்றன. நடக்கிற சனத்தைப் பார்த்தாவது வேகத்தைக் குறைக்கக் கூடாதா? ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் அடி எடுத்து வைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முன்னால் போய்விட்டது. எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா அண்டாவில் உப்புப் போட்ட வெந்நீரோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று இழுத்தால் விடவில்லை. "நடந்து வருகிற கால், தாயி. இது உங்கள் கால் இல்லை இப்போது" என்று சொல்லிக்கொண்டே துடைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவித் துணி சுற்றிவிட்டார். காசு கொடுக்க நினைக்கவே கூச்சமாக இருந்தது. கிளம்பும்போது, குழந்தைக்காகக் காத்திருக்கும் தன் மகள் பெயரைச் சொல்லி, "சந்நிதியில் ஒரு தடவை சொல்லுங்கள், போதும்" என்றார். மிச்ச தூரம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஆயக்குடி தாண்டி இருட்டில் மலையின் விளக்குகள் தெரிந்தபோது, கூட்டத்தில் "அரோகரா" என்று எழுந்த சத்தத்தில் என் குரலும் இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அடிவாரத்தைப் பற்றிக் கோபமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை ஊர் தாண்டி வருகிறவர்களை வழிமறித்து, "சீக்கிரத் தரிசனம் செய்து வைக்கிறேன், கூட வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு தேங்காய், இரண்டு பழம் வைத்த தட்டைக் கையில் திணித்துவிட்டு வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். வெளியூர்க்காரர்கள், அதிலும் வயதானவர்கள், பாவம், பயந்துபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். முருகனைக் காட்டுவதற்குத் தரகர் எதற்கு? புதிதாகப் போகிறவர்கள் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் கிரிவீதியில் நேரே நடந்து பாத விநாயகரிடம் போய்விடுங்கள்.

வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்து சேர்ந்து முடி இறக்கி, சந்தனம் பூசிக்கொண்டு நின்றார். மலையேற்றும் இழுவை ரயிலான விஞ்சில் போகலாம் என்றேன், கேட்கவில்லை. யானைப் பாதையில் ஏறினோம். ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். மேலே கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வரிசையில் மணிக்கணக்காக நின்றோம். குழந்தைகள் அழுகின்றன, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், ஆள் தெரிந்தவர்கள் பக்கவாட்டில் புகுந்து போகிறார்கள். இவருக்கு மூச்சு முட்டிவிடுமோ என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. சாமியைக் காண வந்த இடத்தில் சாமி நினைப்பே இல்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நகர்ந்தேன்.

சந்நிதிக்கு நேரே வந்தோம். திரை போட்டுவிட்டார்கள்.

சாயரட்சை, அதாவது மாலைப் பூஜை அலங்காரம். வரிசை அப்படியே நின்றது. பின்னால் முணுமுணுப்பு. மற்ற நேரமென்றால் இரண்டு நொடியில் "நகருங்கள், நகருங்கள்" என்று தள்ளிவிட்டிருப்பார்கள். எங்களை முன்வரிசையில் நிறுத்திவிட்டுத் திரை போட்டது யார் என்று எனக்குத் தெரியும். நின்றோம். யாரும் தள்ளவில்லை, நகரச் சொல்லவில்லை. உள்ளே ஏதோ பாத்திரத்தின் ஓசை, சந்தன வாசனை. பக்கத்தில் அவர் மூச்சு கேட்டது. சீராக வந்தது, சீராகப் போனது. அந்த மே மாதத்தில் செல்போனில் எண்ணி எண்ணிப் பார்த்த அதே மூச்சு. மலையேறி வந்து, மொட்டைத் தலையும் சந்தனமுமாக, கைகூப்பி நின்று, யார் உதவியும் இல்லாமல் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

திரை விலகியது. ராஜ அலங்காரம். கிரீடமும் பட்டுமாக என் அப்பன் சிரித்துக்கொண்டு நின்றான். நான் கதறிவிட்டேன். அந்த அம்மா மகள் பெயரைச் சொன்னேன், போய்விட்ட பெரியவர் பெயரைச் சொன்னேன், நர்ஸ் பெண்ணுக்கு, அத்தைக்கு, எல்லாருக்கும் சொன்னேன். தீபாராதனையை எத்தனை நேரம் பார்த்தேன், எப்படி வெளியே வந்தேன், தெரியாது. உண்டியலில் மஞ்சள் முடிச்சைப் போடும்போது அவர் கையும் என் கையோடு சேர்ந்தது. போகர் சந்நிதியில் விழுந்து எழுந்ததுகூட அவர் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் மாலை ரத வீதியில் தேர் பார்த்துவிட்டு பஸ் ஏறினோம். ஊருக்கு வந்ததும் பஞ்சாமிர்த டப்பாவும் விபூதியும் எடுத்துக்கொண்டு அந்த நர்ஸ் பெண்ணைத் தேடிப் போய்க் கொடுத்தேன். அதற்கு எங்களை நினைவில்லை. எத்தனை பேருக்குப் போன் பிடித்ததோ! நல்லா இரு தாயி, உன் கை நல்லா இருக்கட்டும். வெந்நீர் கொண்டுவந்த தாயே, நீ நல்லா இரு. உன் மகள் மடி நிறையட்டும். முருகா, கடனைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தைக்கு மாலை போட்டுக்கொள்கிறேன். அத்தையும் குன்றக்குடி வரைக்கும் நடந்து வருகிறாராம். அந்த முழங்காலுக்கு நீதான் பொறுப்பு.