பக்கத்துல யாரு நின்னாங்க?

சர்வே ஃபீல்டு வேலைல பல வருஷமா இருக்கேன், முதல்ல வீடு வீடா போய் கேள்வி கேட்டேன், இப்போ சூப்பர்வைசர். டிவில "இத்தனை சதவீதம் மக்கள் இப்படி நினைக்கிறாங்க"ன்னு ஓடுறப்போ எனக்கு முதல்ல தோணுறது, இத கேட்டப்போ பக்கத்துல யாரு நின்னாங்கங்கறதுதான்.

தேசிய குடும்பநல சர்வேல பொண்டாட்டிய புருஷன் அடிக்கிறது சரியான்னு ஏழு காரணம் சொல்லி ஒவ்வொண்ணா கேட்பாங்க, சொல்லாம வெளிய போனா, எதிர்த்து பேசினா, ஒழுங்கா சமைக்கலைன்னா, மாமனார் மாமியார மதிக்கலைன்னா, இப்படி. 2019-21ல நாடு முழுக்க 45 சதவீத பெண்கள் ஏதாவது ஒரு காரணத்துக்காவது சரின்னாங்க, ஆண்கள் 44. இத வச்சு "பொம்பளைங்களே ஒத்துக்கறாங்க"ன்னு பேசுறவங்கள பாத்தா எனக்கு கோவமா வரும். இந்த மாதிரி கேள்விய நாங்களும் கேட்டிருக்கோம், மாமியார் வாசல்ல உக்காந்து முறம் புடைச்சிட்டு இருக்கறப்போ மருமக என்னத்த சொல்லுவா, அவங்க முகத்த ஒரு தடவ பாத்துட்டு "தப்பு பண்ணா அடிக்கத்தான செய்வாங்க"ன்னு முடிச்சிடுவா. சில வீட்ல புருஷனே வந்து "அவளுக்கு என்னங்க தெரியும், என்ன கேளுங்க"ன்னு நிப்பாரு. அதுக்காக அந்த நம்பர் பொய்னு சொல்லல, மனசார நம்பி சொல்றவங்களும் நிறைய பேரு. ஆனா 2005-06ல இதே கேள்விக்கு பெண்கள்ல 54 சதவீதம் சரின்னாங்க, அது 2019-21ல 45 ஆச்சு. ஒரு நம்பர தனியா பாக்கறத விட இந்த இறக்கத்த நான் அதிகம் நம்புவேன், கேள்விய மாத்தாம திரும்பத் திரும்ப கேட்டா மட்டும்தான் இது கிடைக்கும்.

சில விஷயத்துக்கு ஒரே கேள்வி பத்தாது. 2011-12ல நடந்த இந்திய மனித வளர்ச்சி சர்வேல, 42,000 வீட்டுக்கு மேல, உங்க வீட்ல யாராவது தீண்டாமை பாக்கறீங்களான்னு நேராவே கேட்டாங்க. இல்லன்னு சொன்னவங்ககிட்ட அதோட விடல, பட்டியல் சாதிக்காரங்க உங்க சமையக்கட்டுக்குள்ள வந்தா, உங்க பாத்திரத்த எடுத்து புழங்கினா பிரச்சனையான்னு அடுத்து கேட்டாங்க. ரெண்டையும் சேர்த்துதான் தீண்டாமை பாக்கற வீடு 27 சதவீதம்னு வந்துச்சு. முதல் கேள்விக்கு எது நல்ல பதில்னு எல்லாருக்கும் தெரியும், சமையக்கட்டுன்னு சொன்ன உடனே வீடு கண்ணு முன்னாடி வந்துரும்.

அப்புறம் பூட்டுன வீடு. காலைல போனா பொம்பளைங்க நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போயிருப்பாங்க, பக்கத்து வீட்டு பாட்டிய கேட்டுட்டு போயிடலாம்னு தோணும். அப்படியே பத்து வீடு பண்ணா நம்ம சாம்பிள்ல வேலைக்கு போற பொம்பளையே இருக்க மாட்டா, அப்புறம் பெண்கள் கருத்துன்னு என்னத்த எழுதறது? சாயங்காலம் திரும்ப போகணும், மறுநாளும் போகணும், அப்பவும் ஆள் கிடைக்கலைன்னா பூட்டு வீடுன்னே போடணும்.

வீட்ல தனியா பேச இடம் இல்லன்னா எங்க டீம்ல கேள்வி கேட்கற பொண்ணுங்க ரெண்டு பேரா போவாங்க, ஒருத்தி மாமியார்கிட்ட ரேஷன், உரிமைத்தொகைன்னு பேச்சு குடுத்துட்டு இருக்க இன்னொருத்தி மருமகள கொல்லைப்பக்கம் கூட்டிட்டு போய் கேட்பா. அப்படி கேட்டா நேரம் ஆகத்தான் செய்யும். ஃபார்முக்கு இவ்வளவுன்னு காசு குடுத்தா யாரு இந்த மெனக்கெடல் எல்லாம் படுவாங்க, அதனால நாள் சம்பளமா குடுங்கன்னு ஒவ்வொரு ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறப்பவும் கேட்கறேன், சில இடத்துல ஒத்துக்கிட்டாங்க, மத்த இடத்துல இன்னும் கேட்டுட்டுதான் இருக்கேன்.